ரூட்டர் அனுப்பிய முதல் கடிதம்

பதினோராவது முறையாக ரூட்டர் "அனுப்ப இயலவில்லை" என்று சிவப்பு எழுத்தில் சொன்னபோது, ஐலா சமையலறையில் சீட்டியடித்துக்கொண்டிருந்தாள். டாங்கோ மெட்டு. கல்யாணமாகி நாற்பத்தொன்பது வருஷத்தில் அவள் சீட்டியடித்து நான் கேட்டதே இல்லை. மீன் விஷயத்திலும் குளிர் விஷயத்திலும் நான் சொல்வதில் பாதியை எங்கள் குவோப்பியோ ஊர்க்காரர்கள் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். எண்பத்தேழாம் வருஷக் குளிரில் வெப்பமானியின் பாதரசம் இறங்கி இறங்கிக் குழாயை விட்டே வெளியே போய், வசந்தத்தில் பூப்பாத்தியில் அகப்பட்டது என்றால் சிரிப்பார்கள். சீட்டி விஷயத்தில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

சீட்டி மட்டும் என்றால் விட்டிருப்பேன். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஏரியில் பனியைத் துளைத்து மீன் பிடிக்கப் போய்விட்டு மத்தியானம் வீடு திரும்பினேன். வாசல் மிதியடியில் ஒரு ஜோடி ஈரத் தடம். எங்கள் ஊரில் எவனும் செருப்போடு உள்ளே நுழைய மாட்டான். வாசலில் கழற்றி வைத்த பூட்ஸிலிருந்து பனி உருகி, வந்தவனுடைய கால் அளவைத் தானே எழுதி வைத்துவிட்டுப் போகும். மீன் அளக்கும் நாடாவை வைத்து அளந்து பூட்ஸ் நம்பருக்கு மாற்றினேன். நாற்பத்தாறு. ஐலாவின் கால் முப்பத்தேழு. எனக்கு நாற்பத்திரண்டு. யார் வந்தார்கள் என்று அவளிடம் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பிரச்சினை.

அடுத்த செவ்வாயிலிருந்து நான் ஏரிக்குப் போகவில்லை. துளைக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே பதினான்காம் எண் நிறுத்தத்தில் இருக்கும் என் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக் கதவு கட்டடத்தின் மறுபக்கம். அங்கே ஒளிந்து நிற்க ஒரு புதர்கூடக் கிடையாது. குடியிருப்புச் சங்கத்தின் சட்டப்படி முற்றத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் இன்ஜினை ஓடவிடக் கூடாது. சட்டத்தை மதிப்பவன் நான். இன்ஜினை அணைத்த ஐந்தாவது நிமிடம் என் மூச்சே கண்ணாடியின் உட்பக்கம் உறைந்து, வெள்ளைச் சீலை போட்டதுபோல மூடிவிடும். சுரண்டினால் கை தெரியும் என்று சுரண்டவும் இல்லை. இப்படி ஏழு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, என் மூச்சையே நான் வேவு பார்த்திருக்கிறேன். பிறகு சந்தைக் கூடத்துக்கு ஓட்டிப்போய் ஆறு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவை எப்படி மாட்டின என்பதை ஐலாவுக்கு விவரமாகச் சொல்வேன். அவள் கேட்டுக்கொண்டே கம்பளிக் கூடையில் கையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருப்பாள்.

சந்தைக் கூடத்தில்தான் ஒருவன் எனக்கு வழி காட்டினான். ஒரு வீட்டு வைஃபையில் ஒருமுறை சேர்ந்துவிட்ட ஃபோன், அடுத்த தடவை உள்ளே வந்ததும் கேட்காமலே தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். யாருடைய ஃபோன் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று ரூட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்குமாம். சொன்னால், தினமும் காலை ஆறு மணிக்கு அந்தப் பதிவேட்டை மெயிலில் அனுப்புமாம். அன்றைக்கே ரூட்டரின் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

மெயில் முகவரி போட்டேன். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரையும்போல எங்களுக்கும் வீட்டுக்கு ஒன்றுதான்: ஐலா பெயரும் என் பெயரும் சேர்ந்தது. பாஸ்வேர்டைப் போட்டேன். அனுப்பு என்று அழுத்தினேன். இயலவில்லை. பாஸ்வேர்டை இன்னும் மெதுவாக அடித்தேன். இயலவில்லை. அணைத்துவிட்டுப் போட்டேன். பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. என் வீட்டில் நடப்பதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டேன் என்று கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது அது.

"அதோட என்ன பண்ணிட்டிருக்க ரெண்டு நாளா?" என்றாள் ஐலா, சீட்டியை நிறுத்தி.

"பாதுகாப்பு. கண்டவனெல்லாம் நம்ம வலைக்குள்ள நுழையுறானாம்."

"நம்ம வலையில என்ன இருக்கு எஸ்கோ? என் குறுக்கெழுத்தும் உன் வானிலையும்தான்." துண்டில் கையைத் துடைத்தாள். "ஆர்மாஸைக் கூப்பிடேன். அவனுக்குத் தெரியாததா?"

அந்தப் பெயர் எத்தனை வேகமாக வந்தது என்பதைக் கவனித்தேன். ஆர்மாஸ் என்றால் எங்கள் மொழியில் அன்பன். அதை என் மனைவியின் வாயால் என் சமையலறையில் கேட்க வேண்டியிருக்கிறது. தொலைபேசி நிலையத்தில் முப்பத்தெட்டு வருஷம் பொறியாளனாக இருந்தவன். முற்றத்துக்கு அந்தப் பக்கக் கட்டடத்தில் வீடு. மனைவி ஹெல்வி காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. இன்னொன்று இன்றைக்கு எனக்கும் ஐலாவுக்கும் அவனுக்கும் மட்டும் நினைவிருப்பது. எங்கள் பக்கத்து நடனக் கொட்டகையில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் இரண்டு பாட்டு ஆடிவிட்டு, அவளை அவள் இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். மூன்றாவதுக்கும் கையை விடாவிட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். எழுபதாம் வருஷக் கோடையில் ஆர்மாஸ் ஐலாவோடு நான்கு பாட்டு ஆடினான். ஐந்தாவது தொடங்கும்போது கொட்டகையில் மின்சாரம் போய்விட்டது. ஃபியூசைப் பிடுங்கியது யாரென்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அது என் மீன்பிடிப் பெட்டியில், தூண்டில் முட்களுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆர்மாஸ் வந்தான். மிதியடியில் பூட்ஸைக் கழற்றி வைத்தான். நான் அவற்றைப் பார்க்காமல் பார்த்தேன். மைனஸ் இருபது டிகிரி உறைகுளிரில் வெறுங்கையோடு வந்திருந்தான். விரல்கள் வேகவைத்த நண்டுபோலச் சிவந்திருந்தன.

"கையுறை எங்க?" என்றாள் ஐலா.

"ஒண்ணு பஸ்லயே போயிடுச்சு. ஹெல்வி பின்னினது. மத்தது மட்டும் தனியா என்ன பண்ணும்?"

ஐலா அவன் கைகளைப் பார்த்தாள். தையற்காரி துணியைப் பார்ப்பதுபோல, மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை, அவசரமில்லாமல். என் கையை அவள் அப்படிப் பார்த்து எத்தனை காலமிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் காப்பி ஊற்றினாள். ஆர்மாஸ் எழுந்து, பேசிக்கொண்டே, இரண்டாவது இழுப்பறையைத் திறந்து கரண்டி எடுத்தான். நான் இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். கரண்டி வேண்டுமென்றால் முதலாவதைத் திறந்து, மூன்றாவதைத் திறந்து, அப்புறம்தான் இரண்டாவதற்கு வருவேன்.

ரூட்டருக்குள் போய் அவன் கால் மணி நேரம் துழாவினான். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"பாஸ்வேர்டெல்லாம் சரிதான். கடிகாரம்தான் தப்பு. இது என்ன வருஷம்னு நினைச்சிட்டிருக்கு தெரியுமா உன் பொட்டி?"

"என்ன வருஷம்?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. ஜனவரி."

ஐலாவின் கோப்பை தட்டில் சத்தத்தோடு உட்கார்ந்தது. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"மின்சாரம் போய் வந்தா சிலது இப்படித்தான்," என்றான் அவன், மறுபடி திரைக்குத் திரும்பி. "தேதி தெரியாம அங்கேயே நின்னுடும். மெயில்காரன் தன்னோட சான்றிதழைக் காட்டுறான். இது பாக்குது, இன்னும் அம்பது வருஷம் கழிச்சுத்தான் இது செல்லும்னு இருக்கு. போடான்னு கதவைச் சாத்திடுது. நேரத்தை இணையத்துலருந்து எடுத்துக்கன்னு சொல்லிட்டா போதும்."

மின்சாரம் போனதைச் சொல்லும்போது அவன் குரலில் ஏதாவது இருந்ததா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. அல்லது நன்றாக மறைத்தான். எனக்கு அந்தப் பெட்டியின் மேல்தான் ஆத்திரம் வந்தது. தொடாமல் விட்டிருந்தால் அதன் போக்கில் நகர்ந்து நகர்ந்து அந்தக் கோடைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். அதுவும் அவன் பக்கம்தான்.

"ஆமா, இந்த மெயில் உனக்கு எதுக்கு?" என்றான் ஆர்மாஸ்.

"யார் வராங்க போறாங்கன்னு தெரிஞ்சுக்க."

"வைஃபை இருக்கிற ஃபோனோட வந்தா தெரியும்." அவன் சட்டைப் பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து, மணி பார்த்துவிட்டு, காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான். பொத்தான் வைத்தது. சோப்புக்கட்டி அளவு. பேசுவதையும் மணி காட்டுவதையும் தவிர அதற்கு எதுவும் தெரியாது. "நிலையத்துல இருந்த காலத்துலயே முடிவு பண்ணிட்டேன், பைக்குள்ள ஒற்றனை வச்சிக்கக் கூடாதுன்னு."

இத்தனை நாளாக நான் கட்டிய பொறி அப்படி மேஜைமேல் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. வேண்டாம், விட்டுவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் அனுப்பு என்று அழுத்திவிட்டான். பச்சை எழுத்தில் "அனுப்பப்பட்டது" என்று வந்தது. "இனி தினம் ஆறு மணிக்கு வரும்," என்றான். ஐலா கை தட்டினாள். அவன் போனதும் மிதியடியை அளந்தேன். நாற்பத்தாறு. ஊரில் அந்த அளவுக் கால் நூறு பேருக்காவது இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாயும் நான் காருக்குள் போய் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஏழு வாரம் காத்த இடத்தை விட்டுப் போக மனசு வரவில்லை.

புதன்கிழமை ஏழு மணிக்கு எழுந்தேன். நாற்பத்தொன்பது வருஷமாக ஐலா ஐந்தரைக்கு எழுகிறாள், நான் ஏழுக்கு. காலை ஆறு மணிக்கு மெயில் வரச் சொல்லிவிட்டு அதை நான் யோசிக்கவில்லை. அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் டேப்லெட். குறுக்கெழுத்து அல்ல.

"உன் பொட்டி கடிதம் போட்டிருக்கு," என்றாள். "வாசிக்கட்டுமா?"

நான் காப்பி ஊற்றிக்கொண்டேன்.

"செவ்வாய். ஐலா-டேப்லெட், அஞ்சு நாப்பதுக்கு வந்தது. நான்தான். எஸ்கோ-ஃபோன்..." விரலால் தள்ளினாள். "ஒம்பது மணிக்கும் இருக்கு. பத்துக்கும் இருக்கு. பதினொண்ணுக்கும் இருக்கு. பதினொண்ணு அம்பதுக்குப் போயிருக்கு. பன்னெண்டு இருபதுக்குத் திரும்பி வந்திருக்கு." கண்ணாடியைக் கழற்றினாள். "அரை மணி நேரம். ஏரிக்குப் போயி, ஒரு முழம் பனியைத் துளைச்சு, ஆறு மீனு பிடிச்சிருக்க."

"நேத்து மீனெல்லாம் வரிசையில நின்னுச்சு."

"முள்ளையும் எடுத்துக் குடுத்துச்சாக்கும்?"

"கல்லவேசி ஏரியில இப்பல்லாம்..."

"எஸ்கோ."

நிறுத்தினேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். ஜன்னலுக்கு வெளியே பதினான்காம் எண் நிறுத்தத்தில் என் கார் நின்றது. அதைச் சுற்றிலும் பனி குவிந்திருந்தது, ஓட்டுநர் கதவுப் பக்கம் மட்டும் மிதிபட்டுக் கெட்டியாகியிருந்தது. அவளும் அதைத்தான் பார்த்தாள்.

"இத்தனை வாரம் அந்தக் குளிர்ல," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீ சொல்லியிருப்ப."

அவள் டேப்லெட்டை மூடினாள். பிறகு கம்பளிக் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கூடையிலிருந்து ஒரு சிவப்பு நூல் தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. எனக்கு மட்டும் பின்னுகிற கையுறையின் சிவப்பு அது: நடுவில் வெள்ளையில் சின்னச் சின்ன ஏணிபோல ஒரு கோலம். மகனுக்கு, மருமகளுக்கு, சர்ச் சந்தைக்கு எல்லாம் சாம்பல் நிறம்தான். போன வருஷம்தானே எனக்குப் புது ஜோடி ஆயிற்று, மறுபடியுமா என்று நினைத்தேன். கோபத்திலும் எனக்காகப் பின்னுகிறாள் என்று கொஞ்சம் மனசு இளகியது.

அந்த வாரம் முழுக்க அவள் சீட்டியடிக்கவில்லை. அது இல்லாமல் வீடு எப்படி இருந்தது என்பதைச் சொன்னால் பாதியைக் கழித்துக்கொள்வீர்கள், அதனால் சொல்லவில்லை.

செவ்வாய் வந்தது. ஏரிக்கு உண்மையாகவே போவது என்று துளைக்கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஐலா கதவருகில் நின்றாள். "போறியா?" என்றாள். "போறேன்" என்றேன். காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்டேன். இன்ஜின் ஓடியது. இரண்டு நிமிடம் ஆனதும், சட்டத்தை மதித்து அணைத்தேன். ஃபோனைப் பார்த்தேன், வைஃபையின் கோடுகள் முழுசாக நின்றன. நாளைக் காலை அவள் இதையும் வாசிப்பாள். தெரிந்தும் சாவியைத் திருப்ப முடியவில்லை. கண்ணாடி ஓரங்களிலிருந்து வெளுத்துக்கொண்டு வந்து, நடுவில் கடைசியாக இருந்த காசளவு இடமும் மூடியது.

பத்து மணி இருக்கும். வெளியே பனி நொறுங்கும் சத்தம். காலடிகள் பெரியவை. என் கதவருகில் நின்றன. பிறகு கர்ர், கர்ர் என்று கண்ணாடியில் சுரண்டல்.

"எஸ்கோ," என்றது ஆர்மாஸின் குரல், பனிக்கு அந்தப் பக்கமிருந்து. "உள்ள வருவியாம். காப்பி ஆறுதாம்."

அவன் நிதானமாகச் சுரண்டிக்கொண்டே இருந்தான். வெளிப் பனி போனதும் உள்பக்கத்தில் என் மூச்சின் மெல்லிய பனி மட்டும் மிச்சமிருந்தது. அதன் வழியே மங்கலாக ஒரு நிறம் மேலும் கீழும் போய் வந்தது. உள்ளே இருந்து கட்டைவிரலால் தேய்த்தேன். ஒரு பெரிய கையுறை. சிவப்பு. நடுவில் வெள்ளையில் ஏணிகள்.

என் இரண்டும் என் கைகளில்தான் இருந்தன.