அஞ்சு நிமிஷத்தில் வருவதாகச் சொன்னவர்

தண்ணீர் வரி அலுவலக சர்வரின் பழைய டிஸ்குக்குள் ஒரு மனிதர் ஏழு வருஷமாக உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றப் போன காலை வரை அது யாருக்கும் தெரியாது. அங்கே சர்வர்களைக் கவனித்துக்கொண்டிருந்தவர்தான் அவர். ஒரு மாலை மனைவிக்கு போன் போட்டு, "அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடறேன்" என்றவர் வீடு வந்து சேரவில்லை. மேசைக்கடியில் செருப்பு மட்டும் கிடந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? யாரோடோ ஓடிவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். மனைவி மட்டும், "ஓடற அளவுக்கு அவருக்குச் சுறுசுறுப்பு ஏது?" என்று சொல்லிவிட்டு, செருப்பை வீட்டு வாசலில் வைத்துத் தினமும் துடைத்துவந்தாள்.

காலியான நாற்காலிக்கு அவள் தங்கையே வேலைக்கு வந்தாள். பழைய டிஸ்க் தேய்ந்து கரகரக்க ஆரம்பித்ததும், இருந்ததையெல்லாம் புதியதில் நகலெடுத்துவிட்டு, பழையதை விடுவிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். அந்த சர்வரை இயக்கும் யூனிக்ஸில் டிஸ்கைச் சொல்லாமல் பிடுங்கக் கூடாது. 'உபயோகத்தில் இருக்கிறது' என்று மறுத்தது சர்வர். அந்தத் தொழிலில் இது சகஜம்; யாராவது ஒரு ஃபோல்டருக்குள் போய், வெளியே வராமலே டீ குடிக்கப் போயிருப்பார்கள், ஆள் இன்னும் உள்ளேயே இருப்பதாக சர்வர் நினைத்துக்கொண்டிருக்கும். ஆனால் உள்ளே இருப்பது யார் என்று கேட்டால் ஒருவருமில்லை என்றது. "அப்புறம் என்னம்மா, வலுக்கட்டாயமா பிடுங்கிடு" என்றார் மானேஜர். பிடுங்கினால் உள்ளே இருப்பவர் டிஸ்கோடு போக வேண்டியதுதான். அவள் பிடுங்கவில்லை. கட்டளை கணினியிடம் வைக்கும் ஒவ்வொரு கோரிக்கையையும் வரிவரியாகத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு மறுப்புக்கும் முந்தின வரியில் ஒரு கொட்டாவி இருந்தது. சர்வரின் விசிறியிலிருந்து, அக்கா வீட்டில் பழகிய தலை எண்ணெய் வாசனை வந்தது.

"எங்க அத்தான் உள்ள இருக்காரு சார்" என்றாள். மானேஜர், "அப்படியா, சீக்கிரம் கூப்பிடு, மதியம்வரைகூட டிஸ்க் தாங்காது" என்றார். அவள் உள்ளே செய்தி அனுப்பினாள்: 'அத்தான், டிஸ்க் போகப் போகுது, வெளிய வாங்க.' பதில் வந்தது: 'பழைய லாக் பதிவு பார்க்கறது கொஞ்சம் பாக்கி இருக்கு. அஞ்சு நிமிஷம்.' மறுபடி கேட்டாலும் அதே அஞ்சு நிமிஷம்தான். உள்ளே பொழுது ஓடுவதில்லை. மனைவியிடம் பேசிவிட்டு இப்போதுதான் போனை வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். டிஸ்கின் கரகரப்பு கூடிக்கொண்டே போனது. வேறு வழியில்லாமல் அக்காவுக்கு போன் போட்டாள்.

அக்கா ஆட்டோ பிடித்து வந்து, மூச்சு வாங்க விசைப்பலகை முன்னால் உட்கார்ந்தாள். தங்கை கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு வருஷத் திட்டையும் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் டிஸ்க் போய்விடுமே! அக்கா தட்டியது ஒரே வரி: 'செருப்பு கொண்டாந்திருக்கேன். வாங்க.'

இரண்டு சர்வர்களுக்கு நடுவிலிருந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, வெறுங்காலோடு அவர் வெளியே வந்தார். காணாமல் போன அன்று போட்டிருந்த அதே சட்டை. "அஞ்சு நிமிஷம்கூட ஆகலியே" என்று ஆரம்பித்தவர், மனைவியின் தலையில் நரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் தலையில் ஒரு நரைகூட இல்லை. அவருக்குக் கண் நிரம்பிவிட்டது.

தங்கை கட்டளையை மறுபடி கொடுத்தாள். வேலை நல்லபடியாக முடிந்தால் யூனிக்ஸ் வாயே திறக்காது, இப்போதும் திறக்கவில்லை. அக்காவும் திறக்கவில்லை. பையிலிருந்த செருப்பை எடுத்து அவர் காலடியில் போட்டாள். மானேஜர் ஏழு வருஷத்தைச் சம்பளமில்லாத விடுப்பில் சேர்த்தார். தம்பியா என்று கேட்கிறவர்களிடம் அக்கா, "இல்லீங்க, வீட்டுக்காரர். வர கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்கிறாள்.