பன்னிரண்டு ஏக்கரின் கோடு

பட்டியல் ராட்டர்டாமுக்குப் போக இன்னும் இருபத்தாறு மணி நேரம் இருந்தது. நூற்று நாற்பத்தொரு தோட்டங்களில் ஒன்று மட்டும் திரையில் சிவப்பாக இருந்தது.

மலேசியாவில் பெக்கோக் பக்கத்தில் எங்கள் ஆலை செம்பனை எண்ணெய் எடுக்கிறது. குலை எந்தத் தோட்டத்தில் வெட்டியது, அந்தத் தோட்டத்துக்காகக் காடு அழிந்ததா என்று பட்டியலில் காட்டினால்தான் ராட்டர்டாம் வழியாக ஐரோப்பாவில் வாங்குவார்கள். அதற்காக நானும் ஃபரீஹாவும் சிறு தோட்டக்காரர்களின் எல்லைகளைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். கைப்பேசியோடு எல்லையோரம் நடந்து கோட்டைப் பதித்தது நான். வீட்டுக்காரர்களிடம் பேசியது அவள்.

இருவருக்கும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம். என் மதிப்பெண் அதிகம். அதை யாரிடமும் சொன்னதில்லை. மேலாளர் சுகுமாறன் விருந்தினர்களிடம், “இது ஃபரீஹாவோட மேப்பு” என்பார். அவள் உடனே திரும்பி என்னைக் காட்டுவாள். அதற்குள் அவர்கள் அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். அவள் அப்படிக் காட்டுவதுதான் எனக்கு அதிகம் எரியும்.

சிவப்பாக இருந்தது தங்கராஜுவின் பன்னிரண்டு ஏக்கர்.

மூன்று வாரத்துக்கு முன் அங்கே போனோம். தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு பாரிட், ஆழமான வடிகால். அதற்கு அப்பால் அரசாங்கக் காடு. பாரிட்டின் இந்தக் கரை முழுக்க வெட்டிய மட்டைகளை அடுக்கியிருந்தார்கள். கால் வைக்க இடமில்லை. தங்கராஜுவைக் கூப்பிட்டிருந்தால் வழி காட்டியிருப்பார். தெரியாத மனிதரைக் கத்திக் கூப்பிட எனக்கு வராது. பாரிட்டின் குறுக்கே கிடந்த பலகைமேல் ஏறித் தாண்டினேன். காட்டுக்குள் போன ஒற்றையடிப் பாதையில் நடந்து முடித்தேன். ஃபரீஹாவிடம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

திரும்பி வந்தபோது தங்கராஜுவின் மனைவி வெள்ளையம்மா ஃபரீஹாவின் தட்டில் இன்னொரு வடையை வைத்துக்கொண்டிருந்தார்.

“அலமாக், போதும் ஆண்ட்டி! மூவார்ல எங்கத்தா சாப்பாட்டுக் கடையில இப்படி அள்ளிக் கொடுத்தா மூடிட்டுப் போகணும் லா.”

“சாப்புடு புள்ள. நீ எம்மக மாதிரி.” பிறகு என்னைப் பார்த்தார். “ஒம்பேரு என்னம்மா சொன்ன?”

அன்று மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“கஸ்தூரி” என்றேன். வண்டியில் ஃபரீஹா, “ஏன் கஸ், மூஞ்ச இப்படி வச்சிருக்க?” என்றாள். பாரிட்டைத் தாண்டியதை அப்போதும் சொல்லவில்லை.

இப்போது சுகுமாறன் திரைக்கு முன்னால் குனிந்தார். செயற்கைக்கோள் படத்தில் அந்த மூலையை மேகம் மூடியிருந்தது. எங்கள் கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“முப்பது மீட்டர் காட்டுக்குள்ள போகுது. வெட்டிட்டாரு மனுஷன். பட்டியல்லேர்ந்து தூக்கிடுங்க. இனிமே அவர் குலை நம்ம வாசல்ல இறங்கக்கூடாது.”

“தங்கராஜு அங்கிள் அப்படிச் செய்ய மாட்டாரு பாஸ்” என்றாள் ஃபரீஹா.

“அப்ப கோடு தப்பா?”

அவள் குனிந்து திரையில் கோட்டைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“கோடு தப்பாயிருக்காது பாஸ். கஸ்தூரி நடந்தது. இத்தன தோட்டத்துல அவ ஓரடி தப்பினதில்ல. நான் வெறும் வாய்தான். இந்த மேப்பே அவளோடது.”

சுகுமாறன் நிமிர்ந்து என்னை முழுதாகப் பார்த்தார். இரண்டு வருடத்தில் முதல் முறை.

“அப்படியா? ஏம்மா, இத யாருமே சொல்லலையே. அடுத்த மாசம் வர்ற வெள்ளக்காரங்களுக்கு நீங்களே காட்டுங்க.”

நான் கேட்க ஆசைப்பட்ட சொற்கள். அவற்றையும் அவள்தான் எனக்கு வாங்கிக் கொடுத்தாள். என்னிடம் இருந்தால் நான் அவளுக்குக் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அதுவும் சேர்ந்து நெஞ்சில் எரிந்தது.

ஃபரீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கராஜுவுக்குப் போன் செய்ய எண்ணைத் தேடினாள். சுகுமாறனின் விரல் நீக்கும் பொத்தானுக்கு வந்தது. அந்த எல்லையை மறுபடி நடக்க ஒரு காலைப்பொழுது போதும். நேரம் இருந்தது.

“பாஸ்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

“பாஸ், அவர் காட்ட வெட்டல. நான்தான் பாரிட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தேன்.”