தப்பு சொல்லும் வேடம்

ஆங்கிலத் துறைத் தலைவரின் அறையில் ஒரு சுழல் நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அது காலியாகவே கிடந்தது. அந்தப் பக்கம் போகிற வாத்தியார்கள் ஜன்னல் வழியாக அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். முற்றுப்புள்ளி மட்டும் உள்ளே நுழைந்து, யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாற்காலியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி விட்டு வருவார். உட்கார மாட்டார். பதவி வருவதற்கு முன்னால் உட்காருவது எழுவாய் இல்லாத வாக்கியம் மாதிரி என்பது அவர் கொள்கை.

முற்றுப்புள்ளி என்பது பிள்ளைகள் வைத்த பெயர். கரும்பலகையில் எந்த ஆங்கில வாக்கியத்தை எழுதினாலும் கடைசியில் சாக்பீஸ் முனை உடைகிற மாதிரி ஒரு குத்துக் குத்துவார். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வகுப்பில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஆசிரியர்கள் அறையிலும் அவருக்கு அதே பெயர்தான் புழங்கியது, அவர் காதில் விழவில்லை என்ற நம்பிக்கையில். அவர் காதில் எப்போதோ விழுந்துவிட்டது. அதைப் பட்டம் என்றே எடுத்துக்கொண்டார். அரைப்புள்ளி என்று வைத்திருந்தால்தான் அவமானம்.

அவருடைய வாழ்க்கையில் ஒரே ஒரு வருத்தம், நாடகம். போன வருடத்திலிருந்து ஆங்கிலப் பாடத்தில் வாரத்துக்கு இரண்டு பீரியடை நாடகத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். அந்த இரண்டும் வானத்திலிருந்து விழவில்லை, இலக்கணத்திடமிருந்து பிடுங்கியவை. அதை எடுப்பதற்கென்று வந்தவள் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு நடமாடும் நாடக டீச்சர். பக்கத்து ஹாலில் அவள் வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் புயலாக ஊளையிடுவார்கள், அலையாகத் தரையில் உருளுவார்கள், மரமாக நிற்பார்கள்.

"மரமா நிக்க ஒரு பீரியடா?" என்று முற்றுப்புள்ளி ஆசிரியர்கள் அறையில் கேட்பார். "என் க்ளாஸ்ல எல்லாரும் வருஷம் பூரா மரமாத்தான் நிக்கறாங்க. அதுக்குன்னு நான் ஹால் கேட்டேனா?"

நாற்காலிக்கு மனுப் போட்டிருந்தது இரண்டே பேர். ஒன்று அவர். இன்னொன்று அந்தக் கொண்டை பென்சில். நாற்காலி அவருக்கு வந்தால் அடுத்த நாளே கால அட்டவணையிலிருந்து நாடகத்தைத் துடைத்துவிட்டு இலக்கணத்தைத் திருப்பி உட்கார வைப்பது என்று முடிவு செய்திருந்தார். அவளுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவில்லை. அப்படி ஒரு வினைமுற்று அவர் அகராதியில் இல்லை.

முதல்வர் அம்மா இருவரையும் கூப்பிட்டு, நிர்வாகம் ஓர் ஆலோசகரை அனுப்புகிறது, அவர் இரண்டு பேருடைய வகுப்பையும் பார்ப்பார், அவர் சொல்கிற ஆளுக்குத்தான் நாற்காலி என்று சொல்லிவிட்டார். முற்றுப்புள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தால்தானே தெரியும் யார் வாத்தியார் என்று.

ஏழாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். பாடம் இறந்தகாலம். எந்தக் கேள்வி யாருக்கு, என்ன பதில், யார் யாருக்கு அடுத்து எழுந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் வகுத்துப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தார். ஆசிரியர்கள் அறையில் தேநீர் நேரத்தில் இதைப் பெருமையாக எடுத்து விட்டார்.

"எல்லாரும் டாண் டாண்ணு சொல்வாங்க. ஒரு பதில் பிசகாது."

நாடக டீச்சர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே, "அந்த ஆளு நம்ப மாட்டார் சார்" என்றாள்.

"என்னத்தை?"

"எல்லாருமே சரியாச் சொன்னா, சொல்லிக் குடுத்து வச்சதுன்னு சின்னக் குழந்தைக்கே தெரியும். யாராவது ஒருத்தர் தப்பு சொல்லணும். நீங்க அன்பாத் திருத்தணும். அங்கதான் நீங்க வாத்தியார்னு தெரியும்."

"என்னை நாடகம் ஆடச் சொல்றீங்க."

"நீங்க ஆடிக்கிட்டுத்தான் இருக்கீங்க சார். வசனம்தான் கொஞ்சம் வீக்."

அவர் முறைத்தார். "போட்டிக்கு நிக்கறவங்க எனக்கு ஏன் யோசனை சொல்றீங்க?"

"மோசமான நாடகத்தைப் பாத்தா என்னால சும்மா இருக்க முடியாது சார். அது ஒரு வியாதி."

மறுநாள் காலை வகுப்பில் அந்த யோசனை முற்றுப்புள்ளியின் சொந்த மூளையில் உதித்ததாக அரங்கேறியது. "ஒருத்தர் தப்பு சொல்லணும். யாரு?" என்று கேட்டார்.

முதல் பெஞ்சில் டாக்டர் இருந்தான். அவனை டாக்டராக்கியே தீருவதென்று அவன் அப்பா பிரசவ அறை வாசலிலேயே முடிவு செய்துவிட்டதால் வந்த பெயர். வாத்தியார் பார்வை தன் மேல் விழுந்ததும் அவன் எழுந்து, "எங்கப்பா ஒத்துக்க மாட்டார் சார்" என்றான்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ரேடியோ கை தூக்கினாள். எப்போதும் பேசிக்கொண்டே இருப்பாள், யாராலும் அணைக்க முடியாது. "நான் சொல்றேன் சார். எனக்குப் பழக்கம்தான்."

தப்பு தயாராகிவிட்டது. 'நேற்று நான் மார்க்கெட்டுக்குப் போகிறேன்' என்று ரேடியோ ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அதற்கு அவர் என்ன சொல்வது என்பதில்தான் சிக்கல். வழக்கமாக அவர் சொல்வது, "உட்காரு. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, உனக்குச் சொல்லித் தர வந்தேன் பாரு." இதை ஆலோசகர் முன்னால் சொல்ல முடியாது. ராத்திரி உட்கார்ந்து எழுதி, அடித்து, திருத்தி, ஒரு வசனத்தைக் கண்டுபிடித்தார்: "பரவாயில்லம்மா. தப்பு பண்ணினாத்தான் கத்துக்க முடியும். இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லு." அவள் சரியாகச் சொன்னதும் முதுகில் ஒரு தட்டு. வகுப்பு முழுக்கக் கைதட்டல்.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊருக்கெல்லாம் பார்வை சோதிக்கிறவள்.

"யார்கிட்டங்க பேசறீங்க? 'பரவாயில்ல'ன்னு காதுல விழுந்துச்சு. உடம்பு ஏதும் சரியில்லையா?"

"ஒத்திகை."

"எங்க, எனக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க. கல்யாணம் ஆனதுல இருந்து கேட்டதில்ல."

சொன்னார். அவள் தலையைச் சாய்த்து, அடுத்த கண்ணாடியை மாட்டுவதற்கு முன் பார்ப்பது போலப் பார்த்தாள். "பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா அது 'பரவாயில்ல' ஆகாதுங்க. மிரட்டல் ஆயிடும்."

ஒத்திகைகள் நடந்தன. ரேடியோ வெளுத்து வாங்கினாள். முதல் நாள் தப்பை மட்டும் சொன்னாள். பிறகு அதைச் சொல்வதற்கு முன்னால் கூரையைப் பார்த்தாள். பிறகு சடை நுனியைக் கடித்தாள். கடைசியில் "எஸ்டர்டே" என்று ஆரம்பித்து, ஒரு பெருமூச்சு விட்டு, தப்பைத் தயங்கித் தயங்கி வெளியே விட்டாள். அவர் "பரவாயில்லம்மா" என்றார், முதுகில் தட்டினார், வகுப்பு கைதட்டியது. மற்றவர்கள் சரியான பதிலைச் சொல்லிவிட்டு நின்றால் கிடைத்தது ஒரு "ம், உட்காரு."

பிள்ளைகள் இலக்கணத்தில் மந்தமாக இருக்கலாம், கணக்கில் அப்படி இல்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டர் மேசையருகே வந்து நின்றான். "சார், நானும் ஒரு தப்பு சொல்லட்டுமா? சின்னதா."

"உங்கப்பா ஒத்துக்க மாட்டார்னியே?"

"அவர்கிட்ட சொல்லல சார்."

"உனக்குக் குடுத்ததைச் சொல்லு. போ."

அடுத்து இன்னொருவன் வந்து, ரேடியோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனான். முற்றுப்புள்ளி அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு மனசுக்குள் மகிழ்ந்தார்.

ஆலோசகர் வந்தார். கழுத்தில் அட்டை, நடந்தால் கிறீச்சிடும் ஷூ. கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்க இடமில்லாமல் ஒருக்களித்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் முதல்வர் அம்மா. கதவோரம் நாடக டீச்சர், கொண்டையில் பென்சிலோடு. அவளுடைய வகுப்பை ஆலோசகர் முதல் பீரியடிலேயே பார்த்து முடித்திருந்தார். இப்போது மாதிரி வகுப்புகள் ஆயிரம் கண்ட மனிதருக்கே உரிய முறையில், வாயை மூடிக்கொண்டு கொட்டாவி விட ஆரம்பித்தார்.

முதல் கேள்வி டாக்டருக்கு. நேற்று என்ன செய்தாய்?

டாக்டர் எழுந்தான். கூரையைப் பார்த்தான். கடிக்கச் சடை இல்லாததால் காலரைக் கடித்தான். ஒரு பெருமூச்சு விட்டான்.

"எஸ்டர்டே... ஐ கோ டு த மார்க்கெட்."

முற்றுப்புள்ளியின் கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. கடைசி பெஞ்சில் கொட்டாவி பாதியில் நின்றது. பழைய வசனம் தொண்டை வரை வந்துவிட்டது. ஆலோசகர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை.

"பரவாயில்லப்பா. தப்பு பண்ணினாத்தான் கத்துக்க முடியும்."

டாக்டர் முகத்தில் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த களை. திருத்திச் சொல்ல வேண்டும் என்பதையே மறந்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தவள் எழுந்தாள். அவளும் கூரையைப் பார்த்தாள். "எஸ்டர்டே ஐ கோயிங்." பரவாயில்லம்மா. அதற்கடுத்தவன், "எஸ்டர்டே ஐ வில் கோ." பரவாயில்லப்பா. ஒருவன் போனதற்கும் வந்ததற்கும் நடுவில் ஆங்கிலம் பேசுகிற எவருக்கும் தெரியாத ஒரு காலத்தையே உண்டாக்கினான். அவனுக்கும் பரவாயில்லை. வரிசையாக எழுந்தார்கள், வரிசையாகத் தப்பு சொன்னார்கள், வரிசையாக முதுகை நீட்டினார்கள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்த அந்தச் சொல், ஏழெட்டுப் பேரைத் தாண்டியபோது கடிக்கத் தெம்பில்லாமல் வந்தது. அப்போதுதான், அவருக்கே தெரியாமல், அது நிஜமாகச் சொன்னது போல ஒலித்தது.

கடைசியில் ரேடியோ முறை வந்தது. அவளிடம் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் தப்பையும் எடுத்துக்கொண்டார்கள், கூரையையும் எடுத்துக்கொண்டார்கள், பெருமூச்சைக்கூட விட்டு வைக்கவில்லை. எழுந்து நின்றவளுக்கு உதடு துடித்தது. கண் நிறைந்துவிட்டது. வகுப்பை ஒரு முறை சுற்றிலும் முறைத்துவிட்டு, ஒரே மூச்சில், அழுகையோடு சொன்னாள்: "எஸ்டர்டே ஐ வென்ட் டு த மார்க்கெட்."

சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. ஆலோசகர் தட்டினார், எழுந்து நின்று, முழங்கால் பெஞ்சில் இடித்ததையும் பொருட்படுத்தாமல்.

முதல்வர் அறையில், போட்டிக்கு நின்ற இருவரையும் வைத்துக்கொண்டே, அவர் பேசினார். "மேடம், நான் எத்தனையோ க்ளாஸ் பாத்துட்டேன். எல்லாம் ஒத்திகை. கை தூக்கறதுல இருந்து இருமறது வரைக்கும். இன்னிக்குத்தான் ஒத்திகையே பாக்காத ஒரு க்ளாஸைப் பாத்தேன்."

நாடக டீச்சருக்குத் தேநீர் புரையேறியது.

"பிள்ளைங்க பயமே இல்லாம தப்பு பண்றாங்க. இவரு ஒரு தடவைகூடக் கோபப்படல. கடைசியில அந்தப் பொண்ணு, எல்லாருடைய தவறுகளையும் கேட்டுக் கேட்டு, தானாவே சரியைக் கண்டுபிடிச்சா. கண் கலங்கிடுச்சு பாத்தீங்களா? அதுதான் அறிதலின் கணம்."

முற்றுப்புள்ளியின் மனசு சுழல் நாற்காலியில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றியது.

"இப்பேர்ப்பட்ட மனுஷரை இலக்கணத்துல பூட்டி வைக்கலாமா?" என்றார் ஆலோசகர். "நாடகத்தை முழுசா இவர்கிட்ட குடுங்க. துறைத் தலைமைக்கு இந்த மேடம்தான் சரி. காலையில இவங்க க்ளாஸ் பாத்தேன். என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு. மரம்னா மரம், அசையல."

எல்லாம் ஒத்திகைதான் என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் நாற்காலி போகும். முற்றுப்புள்ளி வாயைத் திறந்தார், மூடினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாக்கியத்தை மூன்று புள்ளி வைத்து விட்டுவிட்டார்.

வராந்தாவில் நாடக டீச்சர் கூடவே நடந்து வந்தாள். "வாழ்த்துகள் சார்."

"கிண்டலா?"

"இல்ல சார். கடைசியில நீங்க சொன்னதை நானே நம்பிட்டேன்."

"தெரிஞ்சவங்க, நீங்களாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"எது சார் உண்மை? நீங்க எழுதின நாடகத்தைப் பசங்க ஆடவே இல்ல. அவங்க நாடகத்துலதான் நீங்க ஆடினீங்க. அதுக்கு யாரும் ஒத்திகை பாக்கலையே."

அவர் நின்றார். "இலக்கண பீரியட்?"

"குறைக்க மாட்டேன் சார். நானே எடுக்கறேன். மரமா நிக்க வைக்க எனக்கும் தெரியும்."

வீட்டில் மனைவி கேட்டாள். "நாற்காலி என்னாச்சுங்க?"

"வேற ஒண்ணு குடுத்திருக்காங்க" என்றார்.

அது பொய்யில்லை. நாடக ஹாலில் ஒரு சிம்மாசனம் இருந்தது. அட்டையும் தங்கக் காகிதமும் ஒட்டியது, ஒரு கால் குட்டை. அடுத்த வாரம் முதல் பீரியடில் முற்றுப்புள்ளி அதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றப் பார்த்தார். சுழலவில்லை. பதவி வந்துவிட்டதால் உட்கார்ந்தார். ஒரு பக்கம் சாய்ந்தது.

ஏழாம் வகுப்பு தரையில் வட்டமாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. குத்தக் கரும்பலகைகூட இல்லை.

ரேடியோதான் ஆரம்பித்தாள். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்து அன்றுதான் ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தாள். "சார், அன்னிக்கு நீங்க நல்லா நடிச்சீங்க சார்."

"எப்ப?"

"'பரவாயில்ல'ன்னு சொன்னப்போ. அதையே திருப்பிச் சொல்லிக் காட்டுங்க. அதுல இருந்து ஆரம்பிக்கலாம்."

அது நடிப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். நடிப்புத்தான் என்று சொல்லவும் தோன்றியது. இரண்டில் எது சரி என்று பிடிபடாததால் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"பரவாயில்ல."

பழைய கடுப்பில், கடைசியில் ஒரு குத்தோடு வந்து விழுந்தது. வட்டம் அசையவில்லை. டாக்டர் சங்கடத்தோடு கூரையைப் பார்த்தான்.

ரேடியோ எழுந்து சிம்மாசனத்தருகே வந்தாள். அவர் உட்கார்ந்திருந்ததால் முதுகு எட்டியது. ஒரு தட்டுத் தட்டினாள்.

"பரவாயில்ல சார். இன்னொரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."