நேட்ரான் ஏரியின் தென்கரை

என் வீட்டுக்காரர் சஃபியுல்லாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் தேவைக்கு மேல் சொல்லி மாட்டிக்கொள்வார். அன்றைக்குச் சனிக்கிழமை. மதிய லுஹர் தொழுதுவிட்டு மீன் ஆணத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த நேரத்தில், துபாய்க்கு வேலைக்குப் போனவரிடமிருந்து வாட்ஸப்பில் இரண்டு படங்களும் ஒரு குரல் செய்தியும் வந்தன.

"கம்பெனில பிக்னிக் கூட்டிட்டு வந்திருக்காங்க புள்ள. ஷார்ஜா பக்கம். நம்ம வேதாரண்யம் உப்பளம் மாதிரியே இருக்கு. உள்ள நடந்து போயி பூநாரையைக் கிட்டக்கப் படம் எடுத்து அனுப்புறேன். உன் கிளாஸ்ல காட்டு."

முதல் படத்தில் அவர் முகம். தோளுக்குப் பின்னால் கூம்பாக ஒரு மலை, அதன் தலையில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுப்பு. இரண்டாவது படத்தில் வெள்ளை வெளேரென்று தரை, அங்கங்கே ரத்தச் சிவப்பில் தண்ணீர், தூரத்தில் ரோஸ் நிறக் கோடாகப் பறவைகள்.

ஷார்ஜாவாம், பிக்னிக்காம்! யாரிடம் கதை விடுகிறார்? நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் எடுக்கிறவள். முந்தின நாள்தான் எட்டாம் வகுப்புக்கு ஆப்பிரிக்கா நடத்தினேன். அந்தக் கண்டம் கிழக்குப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்துகொண்டிருக்கிறது, அந்தக் கிழிசலில்தான் எரிமலைகளும் ஏரிகளும் வரிசையாகக் கிடக்கின்றன என்று போர்டில் வரைந்தேன். இந்த மலையின் படத்தையும் காட்டினேன். ஒல் டோய்ன்யோ லெங்காய். கறுப்பாக வழிந்து, பிறகு வெளுத்துப்போகிற லாவாவைக் கக்கும் எரிமலை. அது இருப்பது டான்சானியாவில். அதன் காலடியில் இருப்பது நேட்ரான் ஏரி.

முதலில் வந்தது கோபம்தான். போனில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எண்ணை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தபோது இணைப்பே இல்லை.

அப்போதுதான் அவர் சொன்னது உறைத்தது. உள்ளே நடந்து போகிறாராம். அது உப்பளம் இல்லை. துணி துவைக்கிற சோடா மாதிரி காரம் ஊறிய ஏரி. மேலே தெரிகிற வெள்ளைத் தரை, பாலில் படிகிற ஆடை மாதிரி. அடியில் சேறு. அந்தத் தண்ணீர் பட்டால் தோல் வெந்துபோகும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் பயந்து கரையிலேயே நின்றிருப்பான். இந்த மனுஷர் சின்ன வயசிலிருந்து வேதாரண்யத்து உப்புப் பாத்தியில் நடந்து பழகியவர். வெள்ளையாக இருந்தால் தாங்கும் என்று காலை வைத்திருப்பார்.

துபாயில் அவருடைய அறையில் தங்கியிருக்கும் அப்ராருக்குப் போன் போட்டேன். அவன் சலாம் சொல்லி, நலம் விசாரித்து, இழுத்தான். அவர் எங்கே என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் கக்கினான். வேலை போய் மாதங்கள் ஆகின்றனவாம். ஒரு குஜராத்தி முதலாளியிடம் சுற்றுலா வண்டி ஓட்ட டான்சானியா போயிருக்கிறாராம். வீட்டில் சொன்னால் வாப்பா தாங்க மாட்டார் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"அவரு அந்தப் பக்கம் சொல்லாதேங்குறாரு, நீங்க இந்தப் பக்கம் சொல்லாதேங்குறீங்க. நடுவுல நான் என்ன லாத்தா பண்ணுவேன்?" என்றான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த வாப்பா, என் மாமனார் சேக் பரீது, மௌத்தாகி, அடக்கம் முடிந்து, நாற்பதாம் ஃபாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. சஃபியுல்லாவுக்குத் தெரியாது. சபரில், தூர தேசத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது, வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்று மாமி அஜீசுன்னிசா முடிவாகச் சொல்லிவிட்டார். எங்கள் தெருவே வாயைப் பூட்டிக்கொண்டது. அவர் கேட்கும்போதெல்லாம், வாப்பா பள்ளிவாசலுக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று நானும் சொல்லி வந்தேன். பொய்யில் நான் அவரை மிஞ்சியவள்தான்.

அப்ரார் கொடுத்த எண்ணில் அந்த முதலாளி கிடைத்தார். காலையிலேயே வெள்ளைக்காரர்களை முகாமில் இறக்கிவிட்டு சஃபியுல்லா கிளம்பிவிட்டார், அருஷா நகரத்துக்குத் திரும்பும் சாலையில் வந்துகொண்டிருப்பார் என்று சாவகாசமாகச் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் ஆங்கிலம் எங்கிருந்துதான் அப்படிக் கொட்டியதோ. மலை அவருக்குப் பின்னால் இருக்கிறது, எதிரே ஏரி, ஆக தென்கரை. பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் படத்தில் மெல்லிய கோடாகத்தான் தெரிகிறது, ஆக அந்தச் சுவர்ப் பக்கம் இல்லை, கிழக்கே தள்ளி. சாலையில் தேடாதீர்கள், சேற்றில் தேடுங்கள் என்று கத்தினேன். படங்களையும் அனுப்பினேன். முகாமிலிருந்து மசாய் ஆட்களைக் கயிற்றோடு அனுப்புவதாகச் சொல்லி அவர் வைத்தார்.

பிறகு ஒன்றும் இல்லை. போனைப் பார்ப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தேன். மாமி புருஷனுக்காக இத்தா துக்கத்தில் இருக்கிறார், உள்ளறையை விட்டு அதிகம் வர மாட்டார். யார்கிட்ட சண்டை போடுற என்று அங்கிருந்தே கேட்டார். பள்ளிக்கூட விஷயம் என்றேன். அதையும் பொய்க் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அஸர் தொழுகையில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்றே தெரியவில்லை. யா அல்லாஹ், ஆளை மட்டும் உயிரோடு கொடு, சண்டையைக்கூட விட்டுவிடுகிறேன் என்று அழுதேன்.

அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லி முடித்ததும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே இன்னும் வெயில் இருந்திருக்கும். காற்று இரைகிற சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

சேற்றில் இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டாராம். போன் சேற்றோடு போய்விட்டதாம். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கண்ணை மூடிக்கொண்டபோதுதான் அந்த ஆட்கள் கயிறு வீசியிருக்கிறார்கள். கால் இரண்டும் வெந்து தோல் உரிந்திருக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றார். நான் அழுதேன். கேட்க வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மாமி எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"ஷஃபீனா, சேத்துல கெடந்தப்ப ஒண்ணே ஒண்ணுதான் நெனச்சேன். வாப்பாகிட்ட பொய் சொல்லிட்டே மௌத்தாப் போறோமேன்னு. போனை வாப்பாகிட்ட குடு. நானே எல்லாத்தையும் சொல்லிடுறேன்."

மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் அவர் பக்கமிருந்து திரும்பிக்கொண்டேன்.

"மச்சான், ஒங்க பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"கயிறு போட்டவரு இருக்காரு. ஏன்?"

"அவரு கையைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. சொல்றேன்."