கைகட்டி நின்ற புகை

“எங்க வீட்டுப் புகைக்கு மரியாதை தெரியும். அடுப்படிக் கதவுக்கு அந்தப் பக்கமே கைகட்டி அரை மணி நேரம் நின்னுச்சு!”

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில், மேட்டுத்தெரு பப்பில் ஹொரேஸ் இப்படி அளந்ததும், எல்லோரும் நாரிஸைப் பார்த்தார்கள். ஹொரேஸின் மறைந்த மனைவி எட்னாவுக்குத் தம்பி. மழை பெய்கிறது என்று ஹொரேஸ் சொன்னால்கூட ஜன்னலைத் திறந்து கை நீட்டிப் பார்ப்பவர்.

ஹொரேஸின் மகள் லிண்ட்சி கைக்குழந்தையோடு அப்பாவிடம் திரும்பி வந்தபோது, அவருடைய நூற்று முப்பது வயது வீட்டில் மிச்சமிருந்தது பரண் மட்டும்தான். அதை அறையாக்கலாம் என்றால், பார்வையிட வந்த நகராட்சிக் கட்டட ஆய்வாளர் அம்மாள் தலையாட்டவில்லை.

“மாடிப்படி நேரா முன்னறையில வந்து இறங்குது. இங்க தீப்பிடிச்சா மேல இருக்கிறவங்க எப்படி வருவாங்க? படியைச் சுத்திச் சுவர் எழுப்புங்க. அடுப்படிக்குத் தீயை அரை மணி நேரம் தாங்குற கதவு போடுங்க. ஒண்ணு கத்தினா எல்லாம் கத்துற அலாரம் வைங்க. அதுவரைக்கும் மேல யாரும் படுக்கக் கூடாது.”

அங்கே முன்பு இருந்த சுவரைக் கல்யாணமான வருஷம் ஹொரேஸே இடித்திருந்தார். ஒரே தும்மலில் என்பது அவர் கணக்கு. எட்னாவின் நாற்காலிக்கு வெயில் வரட்டும் என்றுதான். மறுபடி செங்கல் ஏற ஏற, நாற்காலி மேலிருந்த வெயில் ஒவ்வொரு சாணாகச் சுருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். லிண்ட்சி குழந்தையோடு மேலே குடியேறினாள்.

சனிக்கிழமைதோறும் சிப்ஸ் பொரிக்க வரும் நாரிஸ், தானாகச் சாத்திக்கொள்ளும் அந்தக் கனத்த அடுப்படிக் கதவுக்குத் தன் ஷூவை முட்டுக்கொடுத்துத் திறந்தே வைப்பார்.

“திறந்து திறந்து என் தோள்பட்டை கழண்டுபோச்சு மச்சான். இது கதவா, சிறைச்சாலையா?”

“ஷூவை எடுய்யா. நாத்தம் தாங்காமக் கதவே ஓடிடும்!”

போன சனிக்கிழமை நாரிஸ் எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறை டிவியில் பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் போன ஹொரேஸ், வழக்கமான திட்டோடு ஷூவை உதைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் உள்ளே எண்ணெய் தீப்பிடித்து, வீட்டின் ஐந்து அலாரங்களும் ஒன்றாக அலறின. லிண்ட்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். படியில் ஒரு இழை புகை இல்லை. குழந்தை பிஸ்கட்டைக்கூடக் கீழே போடவில்லை.

தெருவில் நின்று பார்த்தால் அடுப்படி ஜன்னல் கன்னங்கரேலென்று இருந்தது. நாரிஸ் ஒற்றை ஷூவோடு நின்றுகொண்டிருந்தார்.

இப்போது பப்பே அவர் வாயைப் பார்த்தது. நாரிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அரை மணி எல்லாம் இல்ல. தீயணைப்பு வண்டி வர்ற வரைக்கும்தான்,” என்றார். “ஆனா நின்னுச்சுப்பா. நானே பார்த்தேன்.”