குமிழ் விழுந்த அச்சுகள்

எங்கள் லேபில் செய்வது பல் செட்டு. டாக்டர்கள் நோயாளி வாயில் அளவெடுத்து அனுப்பும் அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றி, ஈறும் பல்லுமாக வார்த்து எடுப்பது என் வேலை. அது கீழ்த்தளத்தில். வார்த்ததன் மேல் மெழுகு வைத்துப் பல் அடுக்குவது என் மனைவியின் வேலை. அது மாடியில். அங்கும் இங்கும் எல்லோரும் நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல்தான் உட்கார்ந்திருப்போம். அடுத்தடுத்துச் சிலர் முதுகைப் பிடித்துக்கொண்டு லீவு போட்டதும், மேனேஜர் அம்மா எல்லோரையும் கூப்பிட்டார். இனிமேல் சாப்பிட்டு முடித்ததும் கட்டடத்தைச் சுற்றி நடக்க வேண்டும், அதுவும் ஜோடியாக, என்றார்.

"தனியா விட்டா நிழல்ல உக்காந்து போனை நோண்டுவீங்க. ஜோடின்னா ஒருத்தர ஒருத்தர் இழுத்துக்கிட்டுப் போவீங்க. ஒரே செக்ஷன் ஆளுங்க சேரக் கூடாது. புருஷன் பொண்டாட்டி சேரவே கூடாது. உங்க சண்டைய வீட்டோட வச்சுக்குங்க."

லேபில் புருஷன் பொண்டாட்டி நாங்கள் மட்டும்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஸ்டோர்காரர் வந்தார். அவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். என் மனைவிக்கு வந்தது, முடிந்த செட்டுகளை கிளினிக்குகளுக்குக் கொண்டுபோகும் டிரைவர். நெட்டை ஆள், கழுத்தை முன்னால் நீட்டி நடப்பான். அவனை ஒட்டகம் என்போம்.

முதல் நாளே அவள் சிரித்தாள். ஜெனரேட்டர் அறைப் பக்கம் திரும்பும்போது அவன் ஏதோ சொன்னான், அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் வெகு தூரம் பின்னால், ஆமையோடு. கொஞ்சம் வேகம் கூட்டினேன்.

"மாப்ள, எதுக்கு இப்படி ஓடுற? போறது உன் வீட்டம்மாதான. யாராச்சும் தூக்கிட்டா போயிடுவாங்க?"

"சாப்பிட்டது செரிக்கட்டும்னுதான்."

"உனக்குச் செரிக்காதது சோறு இல்ல மாப்ள," என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கலகலப்பானவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்களோடுகூடப் பேசிச் சிரிப்பாள். வீட்டில் நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நான் ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன், அவள் துணி மடித்துக்கொண்டிருப்பாள். பேச்சு ஊருக்கெல்லாம் பொது. பேசாமல் உட்கார்ந்திருப்பது என்னோடு மட்டும். கல்யாணமான இத்தனை வருஷமும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒட்டகத்துக்குக் கிடைத்தது பேச்சுதானே, போகட்டும்.

ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் நடை மாறிக்கொண்டு வந்தது. அவனுடைய எட்டுக்கு ஈடு கொடுத்து அவளும் நீளமாக அடி வைக்கத் தொடங்கினாள். வீட்டில் கழுத்துக்குத் தைலம் தேய்க்கச் சொல்லி என் பக்கம் திரும்பி உட்காருவதும் நின்றுபோனது. வலி போய்விட்டதாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கோ தைல பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சலாக இருந்தது.

ஒரு நாள் ஆமை செருப்பு வாரைச் சரிசெய்ய நின்றார். அந்தச் சாக்கில் நான் எட்டிப் போட்டு அவர்களுக்குப் பின்னால் வந்துவிட்டேன். இரண்டு கை தூரம். என்ன பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

அவர்கள் பேசவில்லை.

ஜெனரேட்டர் அறையிலிருந்து வாசல் கேட் வரை ஒரு வார்த்தை இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மௌனமும் இல்லை அது. அவள் கைகள் லேசாக வீசிக்கொண்டிருந்தன. அவன் எங்கோ மேலே பார்த்துக்கொண்டு வந்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் தேவைப்படவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர்கள் ஊரெல்லாம் கேட்கச் சிரித்துப் பேசியிருந்தாலும் தாங்கியிருப்பேன். என் சொத்தைத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டாள்.

அன்று பிற்பகல் பிளாஸ்டர் ஊற்றும்போது என் கண் ஜன்னலில் இருந்தது. வெளியே ஒட்டகம் வண்டியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஊற்றும்போது அச்சை அதிரவைத்துத் தட்டிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே சிக்கிய காற்று மேலே வரும். தட்டினேனா இல்லையா, ஞாபகமில்லை.

முதல் மாதம் முடிந்ததும் மேனேஜர் அம்மா சாப்பாட்டு அறையில் வந்து நின்றார். "ஜோடி மாத்தணும்னா கை தூக்குங்க."

ஒரே ஒரு கை உயர்ந்தது. அது என்னுடையது.

"அடப்பாவி மாப்ள!" என்று ஆமை நெஞ்சில் கை வைத்தார். அறையே சிரித்தது. அவரும் சிரித்தார், ஆனால் முகம் சுண்டிப்போனது.

"யாரோட மாத்தணும்?" என்றார் மேனேஜர் அம்மா. நான் தூக்கிய கையை இறக்கினேன். "சொல்லுங்க. வாயிலயும் பிளாஸ்டரா?"

மேசையின் அந்தக் கோடியிலிருந்து அவள் என்னையே பார்த்தாள். டிபன் பாக்ஸை மூடும் கை நின்றிருந்தது.

"இல்ல... கை மரத்துப்போச்சு. நீட்டிப் பார்த்தேன்."

மறுபடி சிரிப்பு. ஒட்டகம்தான் சிரிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நான் நின்றேன். அவள் நிற்காமல் தாண்டிப் போனாள்.

"எங்க போற?"

"நடந்துதான். வாங்க."

விளக்குப் போட்டுக்கொண்டிருந்த கடைகளைத் தாண்டி நடந்தோம். அவள் அடி நீளமாக விழுந்தது. ஆமையோடு நடந்து பழகிய என் கால்கள் பின்தங்கின. நான் எங்கள் பழைய மௌனத்தைக் கொண்டுவரப் பார்த்தேன். அது வரவில்லை. என் மூச்சுதான் சத்தமாகக் கேட்டது.

"நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க அச்சு எல்லாத்துலயும் குமிழ்," என்றாள் திரும்பாமலே. "ஒவ்வொரு பல்லுலயும் மிளகு மாதிரி ஓட்டை. மாடியில யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நானே மெழுகு வச்சு அடைச்சு அடைச்சு விடுறேன். என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"இதத்தான் வீட்டுலயும் சொல்றீங்க. நீங்க பேசாம இருந்தா கதவ சாத்திக்கிட்ட மாதிரி இருக்குங்க. நான் வெளியில நிக்கிறேன்."

"அவன் பேசாம இருந்தா?"

கேட்டுவிட்டேன். அவள் நின்றாள். தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அவரு பேசாம இருந்தா அவருக்குப் பேச ஒண்ணுமில்லன்னு அர்த்தம். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்ற அந்தச் சொல்லை நான் நம்ப விரும்பினேன். பாதி நம்பினேன்.

மறுபடி நடந்தபோது அவள் அடியைக் குறுக்கிக்கொண்டாள். எனக்காகத்தான். ஒரு நிமிஷம் இனித்தது. அப்புறம், ஸ்டோர்காரருக்காக நான் தினமும் அப்படித்தான் குறுக்கிக்கொள்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

"நீ உன் நடையிலயே போ," என்றேன்.

"மூச்சு வாங்குதே உங்களுக்கு."

"வாங்கட்டும்."

அவள் எட்டிப் போட்டாள். நானும் எட்டிப் போட்டேன். மூச்சு வாங்க வாங்க, முதல் நாள் ஜெனரேட்டர் அறைப் பக்கம் அவன் என்ன சொன்னான், எதற்கு அப்படிச் சிரித்தாய் என்று கேட்கத் தொடங்கினேன்.