குடும்பத்துக் கால்

ஷேக் பரீதின் குடும்பத்தில் யாருக்கும் நடக்கிற கால் கிடையாது என்பது வலங்கைமானில் அவர்கள் தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. பரப்பியவர் அவரேதான். சவூதியில் தம்மாமுக்குக் கட்டட வேலைக்குப் போய், காலில் கொப்புளம் வெடித்துச் சீழ் வைத்து, பாதியில் திரும்பி வந்து செருப்புக் கடை போட்டவர் அவர். நம்ம வீட்டுக் கால் உட்கார்ந்து பிழைக்கிற கால் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அதனால், மகள் ஃபஹ்மிதாவுக்குப் பயிர்க் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை கிடைத்தபோது அவர் முகம் சுருங்கியது. வயல் வயலாகப் போய், என்ன பயிர் நிற்கிறதென்று போனில் படம் பிடித்து ஏற்ற வேண்டிய வேலை. கடையிலிருந்து நல்ல ஷூவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தவர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். காலில் கொப்புளம் கண்டால் வேலையை விட்டுவிட வேண்டும். படித்து முடித்து வீட்டுக்குள்ளேயே இருந்து அலுத்துப் போனவள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டாள்?

முதல் வாரமே இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இவள் ஊக்கை எடுத்துக் குத்தி, தோலையும் உரித்துப் போட்டாள். மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெயபாரதி நன்றாகத் திட்டினார். அந்தத் தோல்தான் புண்ணுக்கு மூடி, அதை யாராவது பிய்ப்பார்களா? சோப்புப் போட்டுக் கழுவிச் சுத்தமாகக் கட்டு, புதிதாக வந்தால் குத்தாமல் மூடி மட்டும் வை, சிவந்து வீங்கினால் உடனே வா என்றார். ஃபஹ்மிதா அப்படியே செய்தாள். வீட்டில் நொண்டாமல் நடக்கவும் பழகிக்கொண்டாள்.

ஆனால் வலியைவிட ஒரு கேள்விதான் அவளைக் குடைந்தது. கூட வேலை பார்க்கும் செம்மொழி தேய்ந்த ரப்பர் செருப்போடு அதே வரப்பில்தான் நடக்கிறாள். அவளை மட்டும் ஏன் கடிக்கவில்லை? ஒருநாள் மோட்டார் கொட்டகை நிழலில் அவள் பாதத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கூட இப்படிப் பார்க்கமாட்டார்கள் என்று செம்மொழி சிரித்தாள். பார்த்தால், அதுவும் மெத்தென்ற கால்தான்.

மறுநாள் மேட்டுப் பக்கம் தென்னந்தோப்புகளில் வேலை. வழக்கத்தைவிட அதிகம் நடந்தும் புதிதாக ஒன்றும் வரவில்லை. தோப்பில் இல்லாதது நடவு வயலில் என்ன இருக்கிறது? யோசித்துக்கொண்டே வந்தவள், அடுத்த நாள் வாய்க்கால் ஓரம் ஷூவைக் கையில் எடுத்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

நட்ட வயலில் அந்தப் பக்கத்தில் யாரும் செருப்புக் காலோடு இறங்கமாட்டார்கள். சோறு போடுகிற மண். இவளும் ஒவ்வொரு வயலிலும் ஷூவைக் கழற்றி, சேற்றில் இறங்கி ஏறி, வாய்க்காலில் கால் கழுவி, சொட்டச் சொட்டச் சாக்ஸை மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். செம்மொழியின் கால் காற்றிலேயே காய்ந்துவிடும். இவளுடையது சாயங்காலம் வரை ஷூவுக்குள் ஊறிக் கிடக்கும். ஊறின தோல் உரசினால் கொப்புளிக்காமல் என்ன செய்யும்?

சந்தேகத்தைத் தீர்த்துவிட வேண்டுமென்று அன்று முழுக்க வலது காலை மட்டும் துப்பட்டா நுனியால் துடைத்து, வேறு சாக்ஸ் போட்டாள். இடது காலை ஈரத்தோடு விட்டாள். சாயங்காலம் இடது குதிகாலில் பழைய புண்ணுக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கொப்புளம். வலது காலில் ஒன்றுமில்லை. கொப்புளம் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். அந்தச் சந்தோஷத்தில் நொண்டாமல் நடக்க மறந்து வீட்டுக்குள் நுழைந்தாள்.

ஷேக் பரீத் பார்த்துவிட்டார்.

"போதும்மா. நாளையிலேர்ந்து கடையில உக்காரு. நம்ம கால் அவ்வளவுதான்."

 அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டினாள்.

"ரெண்டும் நம்ம வீட்டுக் காலுதான் அத்தா. வலது காலத் தொடச்சிட்டு ஷூ போட்டேன். இடது கால ஈரத்தோட விட்டேன். நீங்களே பாருங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். இந்தக் காலையும் அந்தக் காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஷூவுக்குள் கையை விட்டு உள்துணியை அழுத்தினார். ஒன்றில் விரல் நனைந்தது. 

"தம்மாம்ல ஒவ்வொரு தொழுகைக்கும் கை கால் கழுவி ஒளு செய்வேன். கால் கழுவின ஈரத்தோடயே பூட்ஸ மாட்டிக்கிட்டு ஓடுவேன். ஃபோர்மேன் கத்துவான்." கண்ணாடியைக் கழற்றினார். "தொடச்சிட்டுப் போட்டிருந்தா அங்கயே இருந்திருப்பேனா?"

 இத்தனை வருஷமாக அவர் தன் காலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இருந்திருப்பீங்க அத்தா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்து வந்து, அவள் இடது காலை மடியில் வைத்து, கொப்புளத்தைத் தொடாமல் மெல்ல ஒட்டினார்.

"நாளைக்கு எந்தப் பக்கம் வேல?" என்று கேட்டார்.